யாரை வென்றார்கள் என்று கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வெள்ளவத்தையின் இந்தப் புழுக்கத்தையும் பொருட்படுத்தாமல் மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சம்பியன்களின் பெருமையை அளக்கும் கோல் வெற்றிக் கணக்கா, எதிராளிகளின் தரமா என்பது இன்றைய தலைப்பு. கணக்குத்தான் கோல் என்று எதிரணித் தலைவர் திறம்படவே வாதிட்டார். ரொக்கி மார்சியானோவின் 49 சண்டைகளில் 49 வெற்றிகளையும், ஜோ லூயிஸ் 25 தடவைகள் பட்டத்தைக் காத்துக்கொண்டதையும் நம் முன் அடுக்கினார். எண் பொய் சொல்லாது, எதிராளியின் தரம் என்பதோ அவரவர் ரசனை என்று கூறி, நல்ல கைதட்டலோடு போய் அமர்ந்தார். எதிராளியின் தரமே கோல் என்பது எங்கள் அணியின் நிலைப்பாடு.

அவருக்குப் பின் வந்த சகோதரி முத்தையா முரளிதரனைத் துணைக்கு அழைத்தார். முரளியின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 176 பங்களாதேஷுக்கும் சிம்பாப்வேக்கும் எதிராக எடுத்தவை, உங்கள் கோலின்படி அவற்றைக் கழித்துவிடுவீர்களா என்று எங்களைக் கேட்டார். கொழும்பில் ஒரு தமிழ் மேடையில் இந்தக் கேள்வியைக் கேட்பது, பதில் சொல்பவரை அவையோரிடம் மாட்டிவிடும் தந்திரம் என்பதை அறிந்தே கேட்டார். கழித்தாலும் 624 மிஞ்சும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முரளி சிம்பாப்வேயைத் தேர்ந்தெடுக்கவில்லை. போட்டி அட்டவணையைத் தயாரித்தவர்கள் வேறு. குத்துச்சண்டையின் நிலைமை அப்படியன்று. அங்கே சம்பியனும் அவருடைய முகாமையாளரும் பணம் போடும் ஏற்பாட்டாளரும் கூடிப் பேசி, யாரோடு மோதுவது, எப்போது மோதுவது, யாரைக் கண்டும் காணாதது போல இருந்துவிடுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் தாங்களே தீர்மானிக்கிறார்கள். ஆகவே, வெற்றிக் கணக்கு என்று எதிரணி நமக்குக் காட்டுவதில் கையின் வலிமை பாதி என்றால், தெரிவின் சாமர்த்தியம் மறுபாதி. எதிராளி யார் என்று பார்க்காமல் அந்தக் கணக்கை வாசிப்பது எப்படி?

ஜாக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை சம்பியன். அந்த ஆண்டுகள் முழுவதும் ஹரி வில்ஸ் என்ற கறுப்பினத்து வீரர் அவருக்கு அறைகூவல் விடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சண்டை நடக்கவே இல்லை. பழி முழுவதையும் டெம்ப்சியின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. ஏற்பாட்டாளர்களின் அச்சமும் அன்றைய அமெரிக்காவின் நிறவெறியும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் வில்ஸ் என்ற பெயர் இல்லாத அந்தப் பட்டியலை முழுமையான பட்டியல் என்று நாம் எப்படி ஏற்றுக்கொள்வது?

என் கோல் எனக்குப் பிடித்தவர்களையும் விட்டுவைப்பதில்லை. முதல் கறுப்பின ஹெவிவெயிட் சம்பியனான ஜாக் ஜோன்சன், 1908 டிசம்பரில் சிட்னியில் பட்டத்தை வென்று, 1910 ஜூலை 4ஆம் திகதி ரீனோவில் வெள்ளையின முன்னாள் சம்பியன் ஜெஃப்ரிஸை வீழ்த்தி, அந்த ஒரே வெற்றியால் அமெரிக்க நகரங்களில் கலவரம் மூளும் அளவுக்கு வெள்ளையரின் இறுமாப்பை உடைத்தவர். அத்தகைய ஜோன்சனே, தான் சம்பியனான பின்பு, 1906இல் ஒருமுறை வென்றிருந்த சாம் லாங்ஃபோர்டுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுக்கவில்லை. லாங்ஃபோர்டும் கறுப்பினத்தவர், அதற்குள் முன்னிலும் பலமடங்கு ஆபத்தானவராக வளர்ந்திருந்தார். சமூக வரலாற்றில் ஜோன்சனின் இடம் மிக உயரமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. குத்துச்சண்டை வரலாற்றில் லாங்ஃபோர்டின் பெயர் அவருடைய கணக்கில் கடனாகவே நிற்கிறது.

இன்னும் அண்மைக்கு வருவோம். ரிடிக் போவின் தொழில்முறைக் கணக்கு 43 வெற்றி, 1 தோல்வி. லெனொக்ஸ் லூயிஸின் கணக்கு 41 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை. எதிரணியின் கோலைப் பிடித்தால் போவே பெரியவர். ஆனால் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் போவைத் தோற்கடித்தவர் இதே லெனொக்ஸ் லூயிஸ். அவரோடு மோத வேண்டிய கட்டம் 1992இல் வந்தபோது போவ் என்ன செய்தார் தெரியுமா? லண்டனில், செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் சம்பியன் இடுப்புப் பட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லெனொக்ஸ் லூயிஸோ தன்னை வீழ்த்திய ஒலிவர் மெக்கோலையும் ஹசீம் ரஹ்மானையும் மறுபடி சந்தித்து வென்றார். ஹோலிஃபீல்டுடன் சமநிலையில் முடிந்த சண்டையையும் மீண்டும் நடத்தி வென்றார். தொழில்முறையில் தன் எதிரே நின்ற ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு நாளில் வென்றவர் அவர். இரண்டு தோல்விகள் உள்ள அந்தக் கணக்கைவிடத் தூய்மையான கணக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது?

அடுத்து, தரம் என்பது ரசனை என்ற குற்றச்சாட்டு. ரசனையென்றால் நான் வாதத்தை இங்கேயே முடித்துக்கொள்வேன். எதிராளியின் தரத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். அவர் அந்தச் சண்டைக்கு முன்னும் பின்னும் யாரோடு மோதி என்ன செய்தார் என்று பார்த்தால் போதும்.

முகம்மது அலியின் கணக்கில் 5 தோல்விகள் இருக்கின்றன. எதிரணித் தலைவர் அந்த ஐந்தையும் விரல் மடித்து எண்ணிக் காட்டினார். நான் அவருடைய எதிராளிகளை எண்ணுகிறேன். ஜோ பிரேசியர் தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு மனிதர்களிடம்தான் தோற்றார்: அலியிடம் இருமுறை, ஜோர்ஜ் போர்மனிடம் இருமுறை. 1971 மார்ச் 8ஆம் திகதி நியூயோர்க்கில், இருவருமே தோல்வி அறியாதவர்களாக மேடையேறிய இரவில், அலியை 15ஆம் சுற்றில் கீழே விழுத்தி, புள்ளிகளால் வென்றவர் பிரேசியர். 1973இல் கென் நோர்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அதே ஆண்டு கிங்ஸ்டனில் போர்மன் பிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு தடவைகள் தரையில் விழுத்தினார். மறு ஆண்டு நோர்ட்டனையும் இரண்டாம் சுற்றிலேயே முடித்துவிட்டார். அலியை வென்ற இருவரையும் இப்படிச் சில நிமிடங்களில் அகற்றிய போர்மன், 40 சண்டைகளில் 40 வெற்றியும் அவற்றில் 37 நொக் அவுட்டும் பெற்ற 25 வயது இளைஞராக, 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி கின்ஷாசாவில் 32 வயது அலியின் எதிரே நின்றார். அன்று இருவருடைய கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிரணியினரைப் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், கட்டிய பணம் முழுவதும் போயிருக்கும். அலி கயிற்றில் சாய்ந்து அடிகளை வாங்கி, போர்மனைக் களைக்கவைத்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார்.

போர்மன் எத்தகையவர் என்பதற்கான சான்று அதோடு நிற்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1994 நவம்பரில், 45 வயதில், தோல்வியறியாத மைக்கல் மூரரை வீழ்த்தி அவர் மீண்டும் சம்பியனானார். அந்த இரவில் அலியின் பழைய வெற்றியும் கூடவே உயர்ந்தது. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கடந்த ஒருவருடைய பெருமை, அவர் ஒரு குத்தும் விடாமலே வளர்கிறது. வெற்றிக் கணக்கில் இதைப் பதிவதற்கு ஒரு கட்டமாவது இருக்கிறதா?

இது தமிழர்களுக்குப் புதிய கோலும் அல்ல. போரில் வென்றவனைப் பாடும் பரணிக்குத் தோற்றவனின் பெயரைச் சூட்டுவது நம் இலக்கிய மரபு. வென்றது சோழன் படை, நூலின் பெயரில் நிற்பதோ கலிங்கம்.

இனி மார்சியானோ. அவரைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. 1952 செப்டெம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஜேர்சி ஜோ வால்கொட் அவரை முதற்சுற்றிலேயே விழுத்தினார். புள்ளிகளில் பின்தங்கியிருந்த அவர், 13ஆம் சுற்றில் ஒரே ஒரு வலக்கைக் குத்தால் சம்பியனானார். 1954இல் எசார்ட் சார்ள்ஸுடனான இரண்டாவது சண்டையில், மூக்கு கிழிந்து இரத்தம் வழிய எட்டாம் சுற்றில் வென்றார். இந்த இரவுகளே மார்சியானோவின் பெருமை. அவற்றை எதிரணி சொல்லவே இல்லை. 49 என்ற எண்ணைச் சொல்லியதோடு நிறுத்திக்கொண்டது. அந்த 49இல், 1951இல் கடன் நெருக்கடியால் மீண்டும் மேடையேறிய 37 வயது ஜோ லூயிஸை வென்றதும் ஒன்று. வால்கொட்டுக்கு எதிரான அந்த 13ஆம் சுற்றும் ஒன்று. எண்ணில் இரண்டும் சமம். இதைச் சமமென்று சொல்ல மார்சியானோவே ஒப்புவாரா என்பது ஐயத்துக்குரியது.

எண்களை மட்டும் நம்பி இரண்டு காலங்களை மோதவிட்ட வேடிக்கையும் ஒருமுறை நடந்திருக்கிறது. வியட்நாம் போருக்கான படைச் சேர்ப்பை மறுத்ததால் அலி மேடையேற முடியாதிருந்த 1969இல், ஓய்வுபெற்றிருந்த மார்சியானோவையும் அவரையும் கமராவின் முன் நிறுத்தி, வெவ்வேறு முடிவுகளைப் படம்பிடித்து, கணினி கணித்த முடிவு என்று 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்காவில் காட்டிய படத்தில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி வென்றார். எண் பொய் சொல்லாது என்றார் எதிரணித் தலைவர். அட்லாண்டிக்கைக் கடந்ததும் சொல்லியிருக்கிறது.

காலமே நல்ல எதிராளிகளைத் தராவிட்டால் சம்பியன் என்ன செய்வார் என்பது எதிரணியின் வாதங்களில் வலுவானது. விளாடிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை தோல்வியின்றி ஆண்டார். அக்காலத்தில் அவருக்குச் சமமான ஒரே வீரர் அவருடைய அண்ணன் விட்டாலி. தம்பியும் அண்ணனும் அடித்துக்கொள்ளவில்லையே என்று யாரும் குறை சொல்லப்போவதில்லை. குறையில்லை என்பதற்காக, நடக்காத சண்டைக்குப் புள்ளி போடவும் முடியாது. ஜோ லூயிஸின் 25இலும் எளிதாக வென்றவை பல உண்டு. ஆனால் 1936இல் தன்னை வீழ்த்திய மக்ஸ் ஷ்மெலிங்கை 1938இல் 124 செக்கன்களில் முடித்ததையும், 1941இல் தன்னைவிட இருபது இறாத்தலுக்கும் மேல் எடை குறைந்த பில்லி கொன்னிடம் தோல்வியின் விளிம்புக்குப் போய், 13ஆம் சுற்று முடிய இரண்டு செக்கன்கள் இருக்கும்போது தப்பியதையும் எடுத்துவிட்டால், அந்த 25 வெறும் வருகைப் பதிவேடு. நம் காலத்து ஒலெக்சாண்டர் உசிக் குறைந்த எடைப் பிரிவிலிருந்து வந்தவர். அவர் லண்டனுக்கே போய் அந்தனி ஜோஷுவாவை வென்றார், மறுபடியும் வென்றார்; டைசன் பியூரியையும் 2024இல் இருமுறை வென்றார். தேடிப் போகிறவருக்குக் காலம் ஆளைக் காட்டித்தான் கொடுக்கிறது.

மைக் டைசனைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமக்குக் கண் மறைக்கிறது. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. கின்ஷாசாவை நம் மூத்தவர்கள் பத்திரிகையிலும் வானொலியிலும் அறிந்தார்கள். டைசனை என் வயதினர் திரையில் கண்டோம். மைக்கல் ஸ்பிங்ஸை 91 செக்கன்களில் வீழ்த்தியதைக் கண்டவர் அதை எப்படி மறப்பார்? ஆயினும் டக்ளஸும் ஹோலிஃபீல்டும் லெனொக்ஸ் லூயிஸும் எதிரே நின்ற இரவுகளில் அவர் வெல்லவில்லை என்பதும் அதே திரையில் நாம் கண்டதுதான்.

மணி அடிக்கக் கை நீட்டுகிறீர்கள், நடுவர் அவர்களே. ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிடுகிறேன். லெரி ஹோம்ஸ் 48 சண்டைகளில் 48 வெற்றி பெற்றிருந்தார். அவற்றில் 1978இல் நோர்ட்டனுடன் 15 சுற்றுகள் போராடிப் பெற்ற பட்டமும் உண்டு. 1980இல் உடல் தளர்ந்த 38 வயது அலியை அடித்து ஓயவைத்ததும் உண்டு. 1985 செப்டெம்பர் 21ஆம் திகதி ஸ்பிங்ஸிடம் தோற்றதால் அவர் மார்சியானோவின் 49ஐத் தொடவில்லை. புள்ளியிட்ட மூவரில் இருவர் கொடுத்தது 143க்கு 142, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்த இருவரும் ஒரேயொரு சுற்றை மாற்றி எழுதியிருந்தால், எதிரணியின் கோலின்படி ஹோம்ஸ் அன்றிரவே மார்சியானோவுக்குச் சமமாகியிருப்பார். அடுத்த வெற்றியோடு அவரை முந்தியுமிருப்பார். ஹோம்ஸும் அதே ஹோம்ஸ், குத்துகளும் அதே குத்துகள். அப்படியானால் எதிரணி இன்று இவ்வளவு நேரம் அளந்தது ஹோம்ஸையா, அந்த இருவரின் பேனாவையா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு விடை சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்குவார் என்ற எதிர்பார்ப்போடு என் இடத்தில் போய் அமர்கிறேன். நன்றி, வணக்கம்.