பாக்கிக்கு எத்தனை வயது?

புதுச்சேரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், கடற்கரைச் சாலையில் நடை முடித்தவர்கள் காந்தி சிலையருகே கலைந்து, சாலை மீண்டும் வண்டிகளுக்குத் திறக்கப்படுகிற நேரத்தில், நாங்கள் ஐந்து பேர் நேரு வீதியையொட்டிய ஒரு காபிக் கடையில் கூடுவது மூன்று ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. எங்களில் ஒருவர் மூடிக்கிடக்கும் பஞ்சாலை ஒன்றில் தறி ஓட்டியவர். கணக்குத் தீர்த்துக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டிருப்பவர். இன்னொருவர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், ஞாயிறு சந்தைக்கு வருகிற சாக்கில் எங்களோடு அமர்வார். வில்லியனூரில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் நான்காமவர். ஐந்தாமவனான நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வங்கியின் கடன் பிரிவில் அமர்ந்து பிறருடைய பாக்கிப் பட்டியல்களைப் படித்து ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

கடந்த ஓராண்டாக எங்கள் மேசையில் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தைப் பற்றிய பேச்சுதான். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறிய தொழில்நுட்ப நிறுவனம் அது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அது பரிந்துரையாகிவிடும். பங்குகளைப் பரிந்துரைக்க விரும்புகிறவர் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பிடம் ஆய்வாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், நான் பெற்றவன் அல்லன். அதோடு, அந்த நிறுவனத்தின் பங்குகள் இருநூறு என் டீமேட் கணக்கிலும் இருக்கின்றன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

வீடுகளில் பொருத்தப்படும் ஸ்மார்ட் மீட்டர்கள் அனுப்பும் அளவுகளைத் திரட்டி, மின் விநியோக நிறுவனத்தின் கணினிக்குக் கொண்டு சேர்க்கும் கருவியையும் மென்பொருளையும் செய்வதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். இந்தத் தொழிலுக்குத் தேவை இருக்கிறதா என்பதில் ஐயமில்லை. 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண மீட்டர்களைப் பொருத்துவது இலக்கு. எங்கள் இளைஞர் இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நிறுவனம் ஒரு புதிய ஆர்டரை அறிவிக்கும். மறுநாள் சந்தை திறந்ததும் பங்கின் விலை ஐந்து சதவீதம் ஏறி அப்பர் சர்க்யூட்டில், அதாவது அந்தப் பங்கு ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பில், நின்றுவிடும். வாங்க வரிசை இருக்கும், விற்பவர் இருக்கமாட்டார். "சார், ஆர்டர் புத்தகமே நிறைந்துவிட்டது, இனி என்ன பார்க்க வேண்டியிருக்கிறது?" என்று அவர் கேட்டார். நான் இந்த உரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்வியே காரணம்.

அந்த ஆர்டருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மீட்டரைப் பொருத்தும் பெரிய ஒப்பந்ததாரர் முதலில் தன் கைப்பணத்தையும் கடனையும் போட்டு வேலையைச் செய்கிறார்; மின் விநியோக நிறுவனம் அவருக்கு ஒரு மீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. எங்கள் சிறிய நிறுவனமோ அந்த ஒப்பந்ததாரருக்குக் கீழே துணை ஒப்பந்தம் எடுத்திருக்கிறது. நுகர்வோர் செலுத்தும் பணம் விநியோக நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்ததாரருக்கு வந்து, அவருடைய தேவைகள் தீர்ந்த பிறகுதான் இவர்களிடம் இறங்க வேண்டும். கடைமடை என்றால் என்ன என்பதைக் காரைக்கால் விவசாயிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் அணை திறந்தாயிற்று என்ற செய்தி வானொலியில் வந்த அன்றே காரைக்கால் வயலில் தண்ணீர் நிற்பதில்லை. ஆர்டர் அறிவிப்பு என்பது அணை திறந்த செய்தி. அதுவும் பல ஆண்டுகளுக்குப் பிரித்து விடப்படும் தண்ணீர்.

எனவே நான் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். இருநூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. முன்பாதியில் சிரித்த முகங்களும் வண்ணப்படங்களும்; நமக்கு வேண்டியது பின்பாதி. 2021 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்கிறது: ஆறு மாதத்துக்கு உட்பட்டது, ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றாண்டுக்கு மேற்பட்டது என்று. தகராறில் இருப்பது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்றும் அதிலேயே பிரிக்க வேண்டும். சிறு முதலீட்டாளருக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த கருவிகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் கருத்து; ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஆசிரியை ஒரு தாளில் கணக்குப் போட்டார். கோடிகளை நூறு ரூபாயாகச் சுருக்கிச் சொல்கிறேன். அந்த ஆண்டு நூறு ரூபாய்க்கு விற்பனை நடந்திருக்கிறது. மார்ச் 31 அன்று வரவேண்டிய பாக்கி ஐம்பத்தெட்டு ரூபாய். நாள் கணக்கில் ஏறத்தாழ 212 நாள் விற்பனை வெளியே நிற்கிறது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. அரசுத் துறை சார்ந்த வேலைகளில் மார்ச் மாதத்தில்தான் பில்கள் குவியும். போன வாரம் அனுப்பிய பில் இந்த வாரம் பாக்கியாகத் தெரிவதில் குற்றமில்லை. அதனால்தான் வயது முக்கியம். ஐம்பத்தெட்டில் முப்பத்தொன்று ஆறு மாதத்துக்கு உட்பட்டது. பன்னிரண்டு ஓராண்டுக்கு உட்பட்டது. மீதிப் பதினைந்து ஓராண்டைத் தாண்டியது. அதிலும் ஆறு ரூபாய் இரண்டாண்டைத் தாண்டியது. வராக்கடனுக்காக ஒதுக்கி வைத்திருந்தது ஒரே ஒரு ரூபாய். அந்த ஆண்டு காட்டிய இலாபம் பதினான்கு ரூபாய்.

வங்கியில் ஒரு வியாபாரி தன் பாக்கிப் பட்டியலைக் காட்டி மூலதனக் கடன் கேட்டால், 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பொதுவாக நாங்கள் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். இது மனிதர்மீது உள்ள அவநம்பிக்கையால் அன்று. பில் பழசாகப் பழசாக, அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி மாற்றலாகிப் போவார், பொருளைப் பெற்றுக்கொண்ட ரசீது காணாமல் போகும், வேலை முடிந்ததா இல்லையா என்ற பேச்சு கிளம்பும். ஹார்டுவேர் கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய கடன் நோட்டில், வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சிக் குடியேறியவர்களின் சிமென்ட் பாக்கி இன்னும் இருக்கிறதாம். "குடியேறிட்டாங்கன்னா அப்புறம் போன் எடுக்க மாட்டாங்க சார்" என்றார்.

பதினான்கு ரூபாய் இலாபம் காட்டிய நிறுவனத்தின் பணப்பாய்வு அறிக்கையில், தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த ரொக்கம் இரண்டு ரூபாய். அப்படியானால் சம்பளமும் வாடகையும் புதிய கருவிகளும் எந்தப் பணத்தில்? கொஞ்சம் வங்கிக் கடன், அதிகம் வாரண்ட். வாரண்ட் என்பது இன்று விலையை நிர்ணயித்துக்கொண்டு பின்னால் பங்கு பெறும் உரிமை. விலையில் 25 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மீதியை 18 மாதத்துக்குள் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். நிறுவனர்களே வாரண்ட் எடுத்தால், அவர்கள் தம் நிறுவனத்தை நம்புகிறார்கள் என்று எங்கள் மேசையில் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. நானும் அதில் பங்கு கொண்டேன். பிறகுதான் எழுபத்தைந்து சதவீதம் இன்னும் கட்டப்படவில்லை என்பது உறைத்தது. நம்பிக்கையில் கால் பங்குதான் பணமாக வந்திருக்கிறது.

சென்ற மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம் காணொளி வழியாக நடந்தது. முன்பு இந்தக் கூட்டத்துக்கு வேறு ஊருக்குப் பயணச் செலவு செய்து போக வேண்டும். இப்போது ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு செய்துகொண்டு, வீட்டிலிருந்தே கேள்வி கேட்கலாம். ஆசிரியை பதிவு செய்துகொண்டார். அவருக்கு முன்னால் பேசிய ஆறேழு பேர் நிர்வாகத்தை வாழ்த்திவிட்டுப் போனஸ் பங்கு கேட்டார்கள். இவர், ஓராண்டைத் தாண்டிய பதினைந்து ரூபாய் எத்தனை வாடிக்கையாளர்களிடம் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளர்கள் அரசு சார்ந்தவர்கள், தாமதம் உண்டு, இழப்பு இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதில் பாதி உண்மை. அரசு கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகாது. ஆனால் இவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர் அரசன்று, இடையில் நிற்கும் ஒப்பந்ததாரர். அவர் வேலை நிறைவுச் சான்றிதழ் வரவில்லை என்பார். நிறுத்திவைத்த தொகை தனக்கே இன்னும் வரவில்லை என்பார். எத்தனை பேர் என்ற கேள்விக்கு எண் வரவில்லை என்பதையும் ஆசிரியை தம் தாளில் குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பஞ்சாலை நண்பர் பழைய கதை ஒன்றை எடுப்பார். ஏனென்றால் அவர் அதில் அடிபட்டவர். 1999, 2000 ஆண்டுகளில் தகவல் தொழில்நுட்பம் என்ற சொல்லுக்கே விலை இருந்தது. பங்குத் தரகர் கேதன் பாரேக்கின் பெயரோடு சேர்த்து 'கே-10' என்று பேசப்பட்ட பங்குகளில் சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்ஸும் டி.எஸ்.கியூ. சாஃப்ட்வேரும் இருந்தன. நம் ஊர்ப்பக்கத்து நிறுவனங்கள் என்பதால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அவற்றை வாங்கியவர்கள் உண்டு. 2001 மார்ச் மாதம் சந்தை சரிந்தது. அம்மாதக் கடைசியில் பாரேக் கைதானார். அந்தப் பங்குகளை வைத்திருந்தவர்கள் வைத்திருந்தபடியே இருந்தார்கள். எட்டாண்டு கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். எங்கள் நிறுவனம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இலாபம் என்பது எழுதுகிற எண் என்பதையும், ரொக்கத்தைக்கூட எழுதிவிட முடியும் என்பதையும் அந்தக் கடிதத்தைப் படித்த வங்கிக்காரன் மறப்பதில்லை.

இளைஞர் இதற்கு எப்போதும் இன்போசிஸைப் பதிலாகச் சொல்வார். 1993-இல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்ட நிறுவனம்தானே என்பார். அந்த வெளியீட்டுக்கு அன்றைக்குப் பொதுமக்களிடம் போதிய விண்ணப்பங்களே வரவில்லை என்பதை நான் நினைவூட்டுவேன். அன்று யாருக்கும் வேண்டாமலிருந்த பங்கையும், இன்று வரிசையில் நின்றும் கிடைக்காத பங்கையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. அவர் ஒப்புக்கொண்டதில்லை, காபிக்குக் காசு கொடுப்பதோடு விவாதம் முடியும்.

அப்பர் சர்க்யூட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஜூலை மாதத்தில் ஹார்டுவேர் கடைக்காரருக்கு மகள் திருமணத்துக்காகப் பணம் தேவைப்பட்டது. அதே வாரம் நிறுவனத்தின் ஜூன் காலாண்டு முடிவு எதிர்பார்த்தபடி இல்லை. காலை 9.15-க்குச் சந்தை திறக்கும். அதற்குள் விலை ஐந்து சதவீதம் கீழே பூட்டிக்கொள்ளும். விற்கும் வரிசையில் இலட்சக்கணக்கான பங்குகள், வாங்குவோர் பக்கம் சுழியம். ஒன்பது வேலை நாள் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஆணி எடை போட்டார். நாள்தோறும் ஐந்து சதவீதம் என்றால் நூறு ரூபாய் ஒன்பது நாளில் அறுபத்து மூன்று ரூபாயாகிவிடும். பத்தாம் நாள்தான் அவருடைய விற்பனை ஆர்டர் நிறைவேறியது. நிறுவனம் நல்லதா கெட்டதா என்று ஓராண்டு வாதிட்ட நாங்கள், ஒரு நாளில் சராசரியாக எத்தனை பங்கு கைமாறுகிறது என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. அது என் தவறும்தான். பஞ்சாலை நண்பரோ அந்த ஒன்பது நாளிலும் வாங்கினார். "அண்ணே, இறங்கும்போது வாங்கினால்தானே ஆவரேஜ் குறையும்" என்றார். ஆவரேஜ், அதாவது சராசரியாக வாங்கிய விலை, குறைந்தது. அவருடைய ஓய்வுக்காலப் பணத்தில் அந்த ஒரே பங்கின் அளவு இரட்டிப்பானது.

நான் என் இருநூறு பங்கை விற்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. செப்டம்பர் காலாண்டு முடிவை நவம்பர் 14-ஆம் தேதிக்குள் வெளியிட்டாக வேண்டும். ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் இலாப நட்டக் கணக்கு மட்டுமே வரும். சொத்து, பொறுப்பு நிலையும் பணப்பாய்வும் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும்தான் கிடைக்கும். ஆகவே அந்த ஐம்பத்தெட்டு ரூபாய் என்னவாயிற்று என்று தெரிவதற்கு இந்த ஓர் அறிக்கையை விட்டால் அடுத்த மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். ஆசிரியை புதிய தாளில் கட்டம் போட்டு வைத்துவிட்டார்: பாக்கி, ரொக்கம், வாரண்டில் வந்த மீதிப் பணம். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் கடற்கரை நடை இருக்காது; காபிக் கடைக்கு மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

வணக்கம்.