எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு, 'உலக நாடக மேடையில் காலத்தை வென்று நிற்பவர்கள் அழ வைத்தவர்களா, சிரிக்க வைத்தவர்களா?' நான் சிரிக்க வைத்தவர்கள் அணி. குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார் பாருங்கள், குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "ஈடிபஸ் என்றால் சோபக்ளிஸ். மெடியா என்றால் யூரிப்பிடிஸ். ஹாம்லெட் என்றால் ஷேக்ஸ்பியர். நாடகத்தைச் சொன்னால் ஆள் தெரியும். இவர்கள் பக்கம் யார் இருக்கிறார்? அரிஸ்டோபனீஸ். அவர் நாடகத்துக்குப் பெயர் 'தவளைகள்'. அதைக் கேட்க ஏதென்ஸ் வரை எதற்குப் போக வேண்டும்? மழை பெய்தால் எங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே இலவசமாகக் கேட்கலாம்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணே, தவளை கத்தியதும் நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மீதிக் கதையை நான் சொல்கிறேன்.

கி.மு. 405, கிரேக்க நாட்டு ஏதென்ஸில் 'தவளைகள்' மேடையேறிய வருடம். அதற்கு முந்தைய வருடம்தான் யூரிப்பிடிஸும் சோபக்ளிஸும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். உருப்படியாக நாடகம் எழுத ஊரில் ஆளில்லை. நாடகத்துக்கே தெய்வமான டயோனிசஸ் பார்க்கிறார். பாதாளத்துக்குப் போய் யூரிப்பிடிஸைத் திரும்பக் கூட்டி வந்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டார். போக பயம். அதனால் வீரன் ஹெராக்ளிஸ் மாதிரி சிங்கத்தோலைப் போர்த்திக்கொள்கிறார். உள்ளே பார்த்தால் மஞ்சள் நிறத்தில் மெல்லிய சேலைத்துணி! கூட ஓர் அடிமை. அவன் கழுதை மேல் உட்கார்ந்திருக்கிறான், மூட்டை அவன் தோளில் இருக்கிறது. இப்போது மூட்டையைச் சுமப்பது நீயா, கழுதையா என்று சாமிக்கும் வேலைக்காரனுக்கும் வழக்கு. அப்புறம் படகு. சாமியே துடுப்புப் போட வேண்டியிருக்கிறது. அங்கேதான் "பிரெகெகெகெக்ஸ் கோவாக்ஸ் கோவாக்ஸ்" என்று தவளைகள் பாடுகின்றன. அண்ணன் கேட்டது அதுவரைதான்.

கரை இறங்கிப் போனால் பாதாளத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பட்டிமன்றம்! ஆமாம். சோக நாடகத்தில் சிறந்தவருக்கு அங்கே ஒரு நாற்காலி. இவர்களுக்கெல்லாம் மூத்த சோக நாடகக்காரர் ஈஸ்கிலஸ் அதில் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வந்த யூரிப்பிடிஸ், எழுந்திரு, அது எனக்குரியது என்கிறார். சோபக்ளிஸ் நல்ல மனிதர், வந்தார், ஈஸ்கிலஸை முத்தமிட்டார், ஒதுங்கிவிட்டார். மற்ற இருவருக்கும் வழக்கு. நடுவர் யார்? டயோனிசஸ். நடுவர் அவர்களே, அங்கேயும் அதிகம் ஜோக் அடிப்பது நடுவர்தான்.

யூரிப்பிடிஸ் தொடங்குகிறார். "இந்த ஈஸ்கிலஸ் நாடகத்தில் முக்கியமான ஆள் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பார், வாயைத் திறக்கவே மாட்டார். பாதி நாடகம் போன பிறகு காளை மாடு அளவுக்கு ஒரு டஜன் வார்த்தைகள் வரும். ஒருவருக்கும் புரியாது" என்று போட்டு வாங்குகிறார். ஈஸ்கிலஸ் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, உன் நாடகத்தின் ஆரம்ப வரிகள் எல்லாவற்றையும் ஒரே ஓர் எண்ணெய்க் குப்பியை வைத்துக் காலி பண்ணுகிறேன், பார்க்கிறாயா?" என்றார்.

எண்ணெய்க் குப்பி என்றால் கிரேக்கத்து ஆண்கள் உடற்பயிற்சிக்குப் போகும்போது கையில் கொண்டு போகும் சின்னக் குப்பி. அவ்வளவுதான்.

யூரிப்பிடிஸ் கம்பீரமாகச் சொல்கிறார். "எகிப்தஸ் என்பவன், தன் ஐம்பது மகன்களோடு கப்பலேறி, ஆர்கோஸ் கரையை அடைந்து..." ஈஸ்கிலஸ் குறுக்கே விழுந்து, "எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்!" இன்னொன்று சொல்கிறார். அதற்கும் "எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்!" யூரிப்பிடிஸுக்கு வியர்க்கிறது. இதில் நுழைய முடியாது பார் என்று தத்துவ வரி ஒன்றை எடுக்கிறார். "எல்லாப் பேறும் பெற்ற மனிதன் எவனும் இல்லை, நல்ல குடியில் பிறந்தவனுக்குப் பிழைக்க வழியில்லை, தாழ்ந்த குடியில் பிறந்தவனோ..." "எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்!" நடுவர் சொல்கிறார், "ஐயா, கப்பல் பாயைச் சுருட்டிவிடுங்கள், இந்தக் குப்பி பெரிய காற்றாக அடிக்கும் போலிருக்கிறது" என்று.

எதிரணி அண்ணன் சற்று முன் எவ்வளவு உருக்கமாகப் பேசினார்! அதையே எடுத்துக்கொள்வோம். நான் ஆரம்பிக்கிறேன், நீங்கள் முடியுங்கள். "தீப்ஸ் நகரத்து மன்னன் ஈடிபஸ், முச்சந்தியில் தந்தையைக் கொன்று, புதிரை விடுவித்து, அரியணை ஏறி..." (அவை: எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்!) "டென்மார்க் இளவரசன் ஹாம்லெட், நள்ளிரவில் கோட்டை மதில் மேல் அப்பாவின் ஆவியைக் கண்டு..." (எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்!) பின்வரிசையில் அந்தப் பெரியவர் நடுவர் பெயரைப் போட்டு ஆரம்பிக்கப் போகிறார். வேண்டாம் ஐயா, தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது.

சரி, சிரித்தாயிற்று. இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கே வருகிறேன். நாடகத்தைச் சொன்னால் ஆள் தெரிய வேண்டும் என்றாரே! ஒரு வரியைக் கேலி செய்ய வேண்டுமானால், கேட்கிற கூட்டத்துக்கு அது யார் வரி என்று தெரிந்திருக்க வேண்டும். யூரிப்பிடிஸின் நடை எது, ஈஸ்கிலஸின் நடை எது என்று ஏதென்ஸ் கூட்டத்துக்குக் கோடு போட்டுக் காட்டியவர் இந்தத் தவளைக்காரர்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் மேடையேற்றிய ஓரெஸ்டியா, மூன்று நாடகம் சேர்ந்தது. இரண்டாவது நாடகத்தில் மகன் ஓரெஸ்டஸ், கொலையுண்ட அப்பனின் சமாதியில் நின்று பேசுவதுதான் தொடக்கம். நமக்கு வந்து சேர்ந்த கையெழுத்துப் பிரதியில் அந்தத் தொடக்கம் கிழிந்து போய்விட்டது. இன்று அச்சில் அந்த ஆரம்ப வரிகளைப் படிக்கிறோமே, எங்கிருந்து எடுத்தார்கள்? பெரும்பாலும் 'தவளைகள்' நாடகத்திலிருந்து! யூரிப்பிடிஸ் அந்த வரிகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் குறை சொல்கிறார். உங்கள் ஆளின் கண்ணீரை இரண்டாயிரத்து நானூறு வருடமாகக் காப்பாற்றி வைத்திருப்பது எங்கள் கிணற்றடி அண்ணே!

கடைசியில் இருவர் வரிகளையும் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். ஒருவர் கப்பலை வைத்தால் இன்னொருவர் ஆற்றையே வைக்கிறார். ஆறு கனம், துணி நனைந்தால் எடை கூடுமே! தீர்ப்பு? யூரிப்பிடிஸை அழைத்துப் போக வந்த நடுவர், ஈஸ்கிலஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் காலத்து நடுவரைச் சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியருக்கும் ஒரு வரி. மெக்பத் தன் ராஜாவைக் கொன்ற ராத்திரி, கதவு தட்டப்படுகிறது. ஷேக்ஸ்பியர் யாரை மேடைக்கு அனுப்புகிறார்? குடித்துவிட்டு உளறும் வாயிற்காவலனை. ஹாம்லெட்டில் குழிவெட்டி. லியர் மன்னனிடம் உண்மையைச் சொல்ல ஒரு கோமாளி. அழ வைக்கப் போகிறவரே எங்கள் ஆளைக் கடன் வாங்கித்தான் பிழைக்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், இன்னும் ஒரே ஓர் ஆளைச் சொல்லி முடிக்கிறேன். மோலியர். பிரான்சில் போலி பக்தனைக் கிழித்து 'தார்த்துஃப்' எழுதினார். 1664இல் ராஜா முன்னால் ஆடினார், தடை. 1667இல் மாற்றி எழுதி ஆடினார், மறுபடி தடை. 1669இல்தான் விட்டார்கள். அது இருக்கட்டும்.

1673 பிப்ரவரி 17. 'கற்பனை நோயாளி' என்ற நாடகம், நான்காவது ஆட்டம். இல்லாத நோய்க்கு மருந்து குடிக்கும் கிறுக்கனாக மோலியர் நடிக்கிறார். நிஜத்தில் நெஞ்சு நோய் முற்றியிருந்தது. மனைவி அர்மாந்து, இன்றைக்கு வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். மோலியர் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: "ஐம்பது ஏழைத் தொழிலாளிகள் தினக்கூலியை நம்பி இருக்கிறார்கள். ஆட்டம் நடக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?"

போனார். ஆடினார். கடைசிக் காட்சியில் உடம்பு வெட்டி இழுத்தது. அதை ஒரு சிரிப்பாக மாற்றினார் அந்த மனிதர்! ராத்திரி வீட்டில் உயிர் போய்விட்டது. கூப்பிட்ட இரண்டு பாதிரியார்கள் வரவில்லை. நடிகனுக்கு முறையான அடக்கம் கிடையாது என்றார்கள். அர்மாந்து ராஜாவிடம் போய் நின்றாள். நான்கு நாள் கழித்து இருட்டில், ஆரவாரமில்லாமல் புதைத்தார்கள்.

நடுவர் அவர்களே, எதிரணியின் மன்னர்கள் எல்லாரும் மேடையில் செத்துவிட்டு, எழுந்து வந்து வணங்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். எங்கள் ஆள் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டே நிஜமாகச் செத்தான். அவன் அன்று கடைசியாக நடித்த நாற்காலியை இன்றும் பாரிஸில் கொமெதி பிரான்சேஸ் நாடக சபை வைத்திருக்கிறது. யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஐம்பது கூலிக்காரர்களுக்காக எழுந்து போன அந்த நோயாளியை மட்டும் மறந்துவிட்டுச் சொல்லாதீர்கள். நன்றி, வணக்கம்.