கம்பளிக்காரியின் பேத்தி பேசுகிறேன்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்காமாரே, தைப் பனியில் போர்த்திக்கொண்டு கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்து மக்களே, எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

"பெண்ணுக்கு எடுப்பைத் தருவது அலுமாரி நிறைந்த உடுப்பா, அளந்தெடுத்த சில உடுப்பா?" இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. சில உடுப்பு போதும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவி அக்கா "ஆள் பாதி, ஆடை பாதி" என்று ஆரம்பித்தார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பேசி முடித்தபோது ஆடை முக்காலாகிவிட்டது. ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது.

எங்கள் அம்மாயி தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்தில் அவரிடம் ஒரு கம்பளி இருந்தது. தோட்டத்தில் கொடுத்துவிட்டு, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கம்பளி. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகையில் மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணி அதுதான். மலையில் கூடைக் கயிறு மண்டையை அறுக்காமல் இருக்க அதையே மடித்து வைப்பார். ராத்திரி என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அதுவே போர்வை. ஒரு துணி, மூன்று வேலை. அது நாகரிகத்தால் வந்த சிக்கனம் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு துணி இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எதிரணி அக்கா பலமாக அடித்தார். "இருநூறு வருஷம் கந்தையைக் கசக்கிக் கட்டினோம். இன்றைக்குச் சம்பாதிக்கிற பெண் பத்து உடுப்பு வாங்கினால் யாருக்கு நோகிறது?" என்று கேட்டார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அந்த ரோஷம் எனக்கும் உண்டு. அந்த ரோஷத்தோடுதான் திருப்பிக் கேட்கிறேன். அந்தப் பத்தில் நமக்காக வாங்கியது எத்தனை? சம்பள நாளில் லயத்து வீட்டு வாசலில் துணி மூட்டையை அவிழ்த்து, "காசைப் பிறகு தாங்க" என்று சிரித்தவருக்காக வாங்கியது எத்தனை?

ஒரு சின்னக் கணக்கு. கல்லுப் பதித்த சேலை 9,000 ரூபாய் என்று வையுங்கள். மூன்று கல்யாணத்துக்குக் கட்டுகிறோம், அப்புறம் "எல்லாரும் பார்த்துவிட்டார்கள்" என்று மடித்து வைக்கிறோம். ஒரு தடவைக்கு 3,000. ஒரு நல்ல கார்டிகன் 4,500 ரூபாய். வருஷத்தில் 150 நாள் வீதம் மூன்று வருஷம் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். இந்த 9,000 ரூபாய், 2021இல் போராடி வாங்கிய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் ஒரு அம்மாவின் ஒன்பது நாள் கொழுந்து. ஆசைக்கு ஒன்று வாங்குங்கள், யாரும் தடுக்கவில்லை. அலுமாரி முழுக்க அதுவே என்றால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்தது ஊர். ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே சராசரி 16 பாகை, கொழும்பில் 27க்கு மேல். நம் பெண்கள் இந்த இரண்டையும் ஒரே நாளில் கடக்கிறார்கள். நானும் கடந்தேன். முதல் நேர்முகத் தேர்வுக்கு ஹட்டனில் விடியற்காலை ரயில் ஏறினேன். தலைவழி மாட்டும் தடித்த ஸ்வெட்டர், உள்ளே கக்கத்தில் தையல் விட்ட பழைய பிளவுஸ். மேலே ஸ்வெட்டர் இருக்கிறதே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியபோது முதுகில் வியர்வை ஓடுகிறது, ஸ்வெட்டரைக் கழற்ற வழியில்லை. கேள்வி கேட்டவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். வேலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரே பிடிவாதம்: அடுக்கடுக்காகப் போட்டால், எந்த அடுக்கோடு நின்றாலும் சபையில் நிற்க முடிய வேண்டும்.

பெண்ணிடம் இருக்க வேண்டிய உடுப்பு என்று வெளிநாட்டார் போடும் பட்டியல்களில் அடிக்கடி வருவது டெனிமும் வெள்ளைச் சேர்ட்டும். அவர்களுக்குச் சரி. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஆனி மழையில் துவைத்த டெனிம் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டியில் ஈரமாக இருக்கும். பதுளைப் பக்கத்துக்காரர்களுக்கு இதே பாடு மார்கழி, தையில். அடுப்புக்கு மேல் கொடி கட்டி உலர்த்தினால் வெள்ளைச் சேர்ட் பழுப்பாகும், வாசனை வேறு. நம் ஊரில் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், இது எத்தனை நாளில் காயும் என்று கேட்க வேண்டும்.

அப்படியென்றால் எதை வாங்குவது? என்னைக் கேட்டால் முதல் காசு கார்டிகனுக்கு. முன்பக்கம் பட்டன் வைத்தது, இடுப்பைத் தொடும் நீளம், கரு நீலம் அல்லது மெரூன். தலைவழி மாட்டும் ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் போட்டால் முந்தானை மூட்டையாகிவிடும், தலையில் வைத்த பூவும் போய்விடும். பட்டன் வைத்தது சேலைக்கும் சல்வாருக்கும் கவுனுக்கும் ஒத்துப்போகும். கம்பளி நூல் கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. லேசாக ஈரம் பட்டாலும் கம்பளி சூட்டை விடாது. பருத்தி நனைந்தால் நம் உடம்புச் சூட்டையும் குடித்துவிடும். கார்டிகனைப் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பாய் மேல் விரித்துக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் முழங்காலுக்கு இறங்கிவிடும்.

முழங்கை வரை கை வைத்த ஒரு கறுப்பு பிளவுஸ், ஐந்து சேலைக்குத் துணை. தைக்கக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பிறகும் அது உங்களுக்கு உதவும். நேர் வெட்டில் இரண்டு சல்வார் மேற்சட்டை, உடம்போடு ஒத்துப்போகும் ஒரு கைத்தறிச் சேலை, அதற்குமேல் உங்கள் இஷ்டம். ஆனால் காலுக்குப் போடுவதை மறக்காதீர்கள். ரப்பர் செருப்போடு செம்மண் பாதையில் நடந்தால், நாம் எவ்வளவு மடிப்பு எடுத்துக் கட்டினாலும் சேலையின் பின்பக்கம் கெண்டைக்கால் வரை சேற்றுப் பொட்டுதான். முன்னால் கண்ணாடி பார்க்கிற நமக்கு அது தெரியாது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

நான் ஆறு வருஷம் கார்மெண்ட்ஸில் தைத்த உடுப்பைச் சோதித்தவள். "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்பார்கள். பின்பாதியைச் சொல்லிச் சொல்லி நம்மை அடக்கினார்களே தவிர, முன்பாதியை யாரும் கவனிக்கவில்லை. உடுப்பை உட்புறம் திருப்புங்கள். தையலின் இரு பக்கமும் பிடித்து இழுங்கள். பல்லிளித்தால் வைத்துவிட்டு வாருங்கள். துணியை உள்ளங்கையில் கசக்கிப் பத்து எண்ணி விடுங்கள். சுருக்கம் போகாவிட்டால், பஸ்ஸில் இறங்கும்போது நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா பாருங்கள். இடுப்பையும் நீளத்தையும் எந்தத் தையல்காரரும் திருத்துவார். தோளைத் திருத்துவது பெரும்பாடு.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். எதிரணித் தலைவி அக்கா கொழும்பிலிருந்து நேரே இங்கே வந்தவர். புதுப் பட்டுச் சேலை, அம்மன் மாதிரி இருந்தார். ஏழரை மணிக்குப் பனி இறங்கியது. மேடைக்குப் பின்னால் வந்து, "தங்கச்சி, மேலே போட ஏதாவது இருக்கா?" என்று காதோடு கேட்டார். இப்போது அவர் போட்டிருக்கும் கரு நீலக் கார்டிகன் என்னுடையது. பட்டுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது, சபையே பார்க்கட்டும். அக்கா, தீர்ப்பு எப்படி வந்தாலும் பரவாயில்லை, போகும்போது அதை மட்டும் தந்துவிட்டுப் போங்கள். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு எனக்கு வேண்டும்.