நாய்க் குளியல் கடைக்கு என்ன செலவாகும்?

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடை நடத்துகிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, மிஷின் எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்?" என்றுதான். நான் கேட்பது, "கடைக்கு எந்தத் தண்ணி வருது, ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" என்று.

தாமிரபரணித் தண்ணீர் வரும் தெரு என்றால் நிம்மதி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் ஊற்றுவோம். அலசி முடிக்கவும் நேரமாகும். சரியாக அலசாவிட்டால் நாய் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும். நாம் நம் தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவைப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. அது நாயின் தோலுக்கு அமிலம் கூடுதல். ஆக, தண்ணீர் சரியில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் அந்த நஷ்டம் தொடர்ந்து வரும்.

சரி, மிஷினுக்கு வருவோம். முடி வெட்டும் கிளிப்பர், அதற்கு இரண்டு மூன்று பிளேடு, மேஜை, காற்றடித்து முடியை உலர்த்தும் பிளோயர், தொட்டி, ஹீட்டர். என் கணக்கில் சிக்கனமாக வாங்கினாலும் ஒரு லட்சம் ரூபாய் பக்கம் வந்துவிடும். மேஜையும் தொட்டியும் உள்ளூரில் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். கிளிப்பரிலும் பிளோயரிலும் மட்டும் காசைப் பிடிக்காதீர்கள். பிளேடு ஓட ஓடச் சூடாகும். அடிக்கடி கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். சூடு ஏறினால் மாற்ற அடுத்த பிளேடு தயாராக இருக்க வேண்டும்.

பிளோயர் ஏன் முக்கியம் என்றால், கோல்டன் ரெட்ரீவரைக் குளிப்பாட்டித் துவட்டினால் மேல் முடி காய்ந்த மாதிரிதான் தெரியும். காதுக்குக் கீழே விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், அடி முடி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தை அப்படியே விட்டால் தோல் சிவந்து புண்ணாகிவிடும். 2,000 வாட் பிளோயர் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். அதுவும் வீட்டுக் கட்டணம் இல்லை, வணிகக் கட்டணம்.

கடைக்குப் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நம் ஊர் வழக்கம். அதைக் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தைக் கண்ணாடிக் கதவிலும் கலர் விளக்கிலும் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தரையிலும் சுவரிலும் உள்ள விரிசலை அடைத்துவிடுங்கள், அதுதான் அவசியச் செலவு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும்; அது ஒளிவது அந்த இடுக்கில்தான். சாக்கடை வாயில் முடி போய் அடைக்காமல் வலையும் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வருஷம் கடையே வேண்டாம். பெருமாள்புரம், மகாராஜநகர், கேடிசி நகர் என்று வீடு வீடாகப் போய்ச் செய்யலாம். எந்தத் தெருவில் என்ன நாய் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் குட்டை முடி. குளியல், நகம் வெட்டுவதோடு சரி. பொமரேனியன், ஷிட்சூ வளர்க்கும் வீடுகள்தான் மாதாமாதம் கூப்பிடும். அக்னி நட்சத்திரம் வந்தால் பொமரேனியனுக்கு மொட்டை அடிக்கச் சொல்லி வருவார்கள். கூலி கிடைக்கும்தான், ஆனாலும் செய்யாதீர்கள். மேல் முடி, அடி முடி என்ற அந்த இரட்டை முடிதான் வெயிலைத் தடுக்கிறது. வழித்துவிட்டால் சில நாய்களுக்குப் பழையபடி வளராது. தோல் நோய் தெரிந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள்.

பணத்துக்கு, சிறுதொழிலுக்கு வங்கியில் தரும் முத்ரா கடனில் ஷிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோரில் 5 லட்சம் வரை கேட்கலாம். மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, உங்களுக்கும் உதவியாளருக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்ளலாம். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. கடிபட்டால் அதன் பிறகும் ஊசி உண்டு, ஆனால் எண்ணிக்கை குறையும். மூன்றாவது ஊசி முடிந்த பிறகு முதல் நாயைக் கையில் எடுங்கள்.

வணக்கம்.