முதல் கேள்வி

(கல்லூரி வளாகங்களில் பாலியல் வன்முறை பற்றி மாணவர்கள், ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த உரைக்கு முதலில் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மாணவியர் தற்காப்பு’. அதை மாற்றித் தரும்படி கேட்டேன். பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார்கள், பரவாயில்லை. தற்காப்பு என்று சொன்ன மாத்திரத்தில் வேலை முழுவதும் மாணவியின் தலையில் விழுந்துவிடுகிறது. எத்தனை மணிக்குப் போவது, யாரோடு போவது, என்ன உடுத்துவது என்று அவள்தான் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அத்துமீறுகிறவன் அந்தத் தலைப்பில் எங்குமே இல்லை. கல்லூரியும் இல்லை.

நான் ஒரு கல்லூரியின் புகார்க் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அங்கே நான் தவறு செய்து கற்றுக்கொண்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மாணவி வந்தார். கையில் ஒரு நோட்டு. நீல மையில் எழுதி, சில வரிகளை அடித்து, அடித்ததற்கு மேலேயே திரும்ப எழுதியிருந்தார். நாங்கள் ஐந்து பேர் நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒற்றை நாற்காலி. நடந்தது எட்டு மாதங்களுக்கு முன்பு. செய்தவர் கூடப் படிக்கிற மாணவர், ஒரே ஆய்வகக் குழு. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது அவருக்கு நினைவிருந்தது. என்ன கிழமை என்பது நினைவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையின் மூலை கிழிந்திருந்தது நினைவிருந்தது. எத்தனை மணிக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தார் என்பது நினைவில்லை. அவர் முடித்ததும் யாரும் பேசவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். “எட்டு மாதம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

அவர் நோட்டை மூடிவிட்டார்.

அவர் சொல்லித்தான் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. மறுநாள் காலையிலேயே, பொறுப்பில் இருந்த ஒருவரிடம். “அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வி எட்டு மாதத்தை விழுங்கிவிட்டது. நான் கேட்டது அந்தக் கேள்வியின் தங்கை.

இந்தக் கேள்வியைக் கெட்டவர்கள்தான் கேட்கிறார்கள் என்றில்லை. அக்கறையோடு கேட்கிறவர்களே அதிகம். பெற்றோர் கேட்கிறார்கள், தோழிகள் கேட்கிறார்கள். ஏனென்றால் நம் எல்லோர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது: இருட்டு, ஆள் நடமாட்டமில்லாத பாதை, முன்பின் தெரியாத ஒருவன். படம் அதுவாக இருந்தால் நேரத்தையும் இடத்தையும் விசாரிப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் படம் தவறு.

தவறு என்பது நேற்றுத் தெரிந்த விஷயமல்ல. அமெரிக்க உளவியலாளர் மேரி காஸும் அவருடைய குழுவினரும் அந்த நாட்டின் 32 கல்வி நிறுவனங்களில் 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு 1987இல் வெளிவந்தது. வல்லுறவுக்கு ஆளானாயா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், இன்னது நடந்ததா, இன்ன விதத்தில் நடந்ததா என்று செயலை விவரித்துக் கேட்டார்கள். 14 வயதுக்குப் பிறகு, சட்டப்படி வல்லுறவு அல்லது வல்லுறவு முயற்சி என்று சொல்லத்தக்க ஒன்று தமக்கு நடந்ததாக 27.5 சதவீதப் பெண்கள் பதில் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு அதைச் செய்தவன் அறிமுகமானவன். இன்னொன்றையும் கவனியுங்கள்: நடந்ததை நடந்தபடி சொன்ன பலர், அதை வல்லுறவு என்ற பெயரால் அழைக்கவில்லை. தெரிந்தவன் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

‘ஐந்தில் ஒருவர்’ என்ற கணக்கு உங்களில் பலர் காதில் விழுந்திருக்கும். அது 2007இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் 5,446 இளநிலை மாணவியரிடம் கேட்டதில், கல்லூரியில் சேர்ந்த பிறகு பாலியல் தாக்குதலுக்கோ அதற்கான முயற்சிக்கோ உள்ளானவர்கள் 19 சதவீதம். இரண்டு பல்கலைக்கழகங்களை வைத்து ஒரு நாட்டையே அளக்க முடியாது என்று அதை நடத்தியவர்களே பின்னர் சொன்னார்கள். 2019இல் 33 நிறுவனங்களில் 1,81,752 மாணவர்கள் பதிலளித்த ஆய்வில் இளநிலை மாணவியரில் 25.9 சதவீதம் என்று வந்தது. அதில் வலுக்கட்டாயமாகத் தொடுவதும் அடக்கம். அழைக்கப்பட்டவர்களில் சுமார் 22 சதவீதத்தினர்தான் பதில் சொன்னார்கள் என்பதும் உண்மை. அதே ஆய்வில் இளநிலை ஆண்களில் 6.8 சதவீதத்தினர் தமக்கும் நடந்ததாகச் சொன்னார்கள். பையன்களே, உங்களுக்கு நடந்தாலும் இதே பெயர்தான். யாரும் சிரிக்க உரிமையில்லை.

சதவீதத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிறவர்களும் உண்டு, ஒரு குறையைக் கண்டுபிடித்து மொத்தத்தையும் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே நான் முக்கியமாக நினைக்கிற எண்ணைப் பார்ப்பதில்லை. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2016இல் ஒன்பது கல்வி நிறுவனங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. ஒரே கல்வியாண்டில் பாலியல் தாக்குதலுக்கு உள்ளான இளநிலை மாணவியரின் விகிதம் ஒரு வளாகத்தில் சுமார் 4 சதவீதம், இன்னொரு வளாகத்தில் 20 சதவீதம். அதே நாடு, அதே வயது, அதே கேள்வித்தாள். ‘வயசுக் கோளாறு’, ‘காலம் கெட்டுவிட்டது’, ‘கைபேசி வந்ததால்’ என்றெல்லாம் சொல்கிறவர்கள் இந்த ஐந்து மடங்கு வித்தியாசத்துக்கு விளக்கம் தர வேண்டும். வயசு எல்லா வளாகத்திலும் வயசுதான். வளாகம் மாறினால் எண் மாறுகிறது என்றால், வளாகத்தை நடத்துகிறவர்கள் கையில் ஏதோ இருக்கிறது.

இங்கே முன்வரிசையில் இருக்கும் நிர்வாகிகள் மனத்துக்குள் ஒன்று சொல்லிக்கொள்ளக்கூடும்: ‘எங்களிடம் ஒரு புகார்கூட வரவில்லையே.’ அமெரிக்காவில் 1990இல் வந்த ஒரு சட்டப்படி மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2014ஆம் ஆண்டுக் கணக்கில் 91 சதவீத வளாகங்கள் வல்லுறவு என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதின. சற்றுமுன் சொன்ன ஒன்பது நிறுவன ஆய்விலோ, வல்லுறவுச் சம்பவங்களில் எட்டில் ஒன்று அளவே ஏதாவதோர் அதிகாரியின் காதுக்குப் போயிருந்தது. பூஜ்யம் வந்தால் பெருமைப்படாதீர்கள். கதவு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது கதவைத் தட்டிய முதல் ஆளிடம் ‘உனக்கு அங்கே என்ன வேலை’ என்று கேட்டிருக்கிறார்கள். செய்தி பரவ ஒரு நாள் போதும். அடுத்தவள் வரமாட்டாள். ஒரு வளாகத்தில் அமைப்பு வேலை செய்யத் தொடங்கினால், முதலிரண்டு ஆண்டுகள் புகார் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதற்கு நிர்வாகம் பயந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இன்னொரு கேள்வி: ‘ஏன் கத்தவில்லை?’

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நமக்கு ஒரு பழமொழி உண்டு. கல்யாணப் பேச்சுக்கே அது நியாயமான பழமொழியா என்பது எனக்குச் சந்தேகம். இந்த விஷயத்தில் அது அபாயம். ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்கான அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 70 சதவீதத்தினர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்கு உடல் உறைந்து போயிருந்தார்கள். கை கால் அசையாது, குரல் எழும்பாது. பயத்தில் உடல் தானாகச் செய்வது அது. அவர்கள் எடுத்த முடிவு அல்ல. மறு ஆண்டு ஸ்வீடன், எதிர்ப்பு இருந்ததா என்பதை விட்டு, விருப்பம் இருந்ததா என்பதை வல்லுறவுச் சட்டத்தின் அளவுகோலாக்கியது. கலிபோர்னியா 2014லேயே தன் கல்லூரிகளின் விசாரணைக்கு இதே அளவுகோலை வைத்திருந்தது. மறுக்காதது சம்மதம் ஆகாது. தூங்குகிறவர், போதையில் நினைவிழந்தவர், உறைந்து போனவர், இவர்கள் யாரும் எதற்கும் சம்மதிக்கவில்லை. நேற்று ஒப்புக்கொண்டது இன்றைக்குச் செல்லாது. பாதியில் ‘வேண்டாம்’ என்றால் பாதியோடு நிறுத்த வேண்டும். பையன்கள் இது குழப்பமாக இருக்கிறது என்கிறார்கள். வகுப்பில் ஒருவனுடைய பேனாவை எடுக்கும் முன் கேட்கத் தெரிகிறதே.

சரி, தடுப்பதற்கு என்ன வழி? கண்காணிப்பு கேமரா, விளக்குக் கம்பம், விடுதிக்குத் திரும்பும் நேரக் கட்டுப்பாடு: இந்த மூன்றும் அறிவிப்புக்கு நன்றாக இருக்கும். பாதையில் விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடப்பது தெரிந்தவரின் அறைக்குள். கேமரா பார்ப்பது வெளிவாசலை.

அடுத்தது, ஒரு மணி நேர விழிப்புணர்வு உரை. இப்போது நான் செய்துகொண்டிருப்பது. 2014இல் 140 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே அமர்வில் முடியும் சொற்பொழிவுகளால் அத்துமீறும் நடத்தை குறைந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே என்னைக் கூப்பிட்டு மாலை போட்டுவிட்டு, இந்த ஆண்டுக் கடமை முடிந்தது என்று யாரும் கோப்பை மூட வேண்டாம்.

பலன் தந்ததாக வலுவான சான்று உள்ள ஒன்றைச் சொல்கிறேன். அது என்னையே கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. கனடாவில் சார்லின் சென் என்ற ஆய்வாளர் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவியரை இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் துண்டுப் பிரசுரம். மற்றொரு பிரிவுக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு வகுப்புகள். ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்ற பிரிவில் 9.8 சதவீதம், வகுப்புக்கு வந்த பிரிவில் 5.2 சதவீதம். 2015இல் வெளியான முடிவு. தற்காப்பு என்ற தலைப்பு வேண்டாம் என்று அடம்பிடித்தவள், பெண்களுக்கான எதிர்ப்புப் பயிற்சியைப் பாராட்டுகிறாளே என்று கேட்கலாம். கேளுங்கள்.

அந்த வகுப்பில் இருட்டில் போகாதே என்று சொல்லித் தருவதில்லை. தெரிந்தவன், நட்பானவன், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவன் எல்லை மீறத் தொடங்கும்போது, ‘அவன் மனம் புண்படுமே’ என்ற தயக்கத்தைத் தாண்டுவது எப்படி என்பதற்கே ஒரு முழு வகுப்பு. தனக்கு என்ன விருப்பம், என்ன விருப்பமில்லை என்று பேசிப் பழக இன்னொரு வகுப்பு. பழி அவள்மேல் இல்லை என்பதும் பாடத்திலேயே இருக்கிறது. பயமுறுத்துவதும் பலப்படுத்துவதும் ஒன்றல்ல. ஆனாலும் இது பாதி வேலை. பயிற்சி பெற்றவள் தப்பினாள். அத்துமீறுகிறவன் அப்படியேதானே இருக்கிறான்?

பார்த்துக்கொண்டிருப்பவர்கள் குறுக்கே வரப் பழக்கும் பயிற்சிகள் உண்டு. தள்ளாடும் ஒருத்தியை ஒருவன் தனியே அழைத்துப் போகும்போது, சண்டை பிடிக்க வேண்டியதில்லை. “உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், வா” என்றால் போதும். இவை குறுக்கிடுகிறவர்களை அதிகமாக்குகின்றன; குற்றத்தையே குறைத்தனவா என்றால், அதற்குச் சான்று இல்லை என்றது 2019இல் வந்த தொகுப்பாய்வு. அதனால் கைவிட வேண்டும் என்பதில்லை, அது மட்டும் போதும் என்று நம்பக்கூடாது.

எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஹிர்ஷ், ஷேமஸ் கான் இருவரும் செய்த ஆய்வில் இருக்கிறது. விடுதி அறையில் என்ன மரச்சாமான்கள் என்று பார்த்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. இரண்டு பேர் பேச வேண்டுமென்றால் ஒருவர் கட்டிலில்தான் உட்கார வேண்டும். கட்டிலில் உட்கார்ந்ததையே சம்மதம் என்று ஒருவன் எடுத்துக்கொள்கிறான். இரவில் கூடிப் பேச வெளிச்சமான பொது இடம் எதுவும் திறந்திருப்பதில்லை. வசதியான அறை சீனியரிடம் இருக்கிறது. அவருடைய அறை, அவருடைய சட்டம். வந்து சில வாரங்களே ஆன முதலாண்டு மாணவிக்கு நண்பர்களும் இல்லை, வழியும் தெரியாது. அந்த முதல் மாதங்களில்தான் ஆபத்து அதிகம். நள்ளிரவு வரை திறந்திருக்கும் ஒரு பொது அறைக்கும் பத்து நாற்காலிக்கும் எவ்வளவு செலவாகும்? கேமராவை விடக் குறைவுதான் என்று நினைக்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயம் பற்றிக் கேட்பீர்கள். அவரையும் முழுதாகக் கேட்க வேண்டும்; ஆதாரங்களைக் காட்டி, பதில் சொல்ல நேரம் தந்து, விசாரிப்பவர்களில் எந்தத் தரப்புக்கும் வேண்டியவர் யாரும் இல்லாமல். ஒழுங்காக விசாரிப்பதற்கு, புகார் சொல்ல வந்தவரை முதலில் குற்றவாளிபோல் நடத்த வேண்டிய அவசியம் இல்லை.

அந்த மாணவியின் நோட்டுக்கு வருகிறேன். மறுவாரம் அவரைத் திரும்பவும் அழைத்தோம். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “எங்கிருந்து சொல்லத் தோன்றுகிறதோ அங்கிருந்து சொல்லுங்கள்” என்றேன். அவர் மின்விசிறியிலிருந்து தொடங்கினார். இரண்டு மணி நேரம் பேசினார். கிழமை தானாக வந்து சேர்ந்தது.

உங்களிடம் யாராவது வந்தால், விசாரணை உங்கள் வேலை அல்ல. “என்னிடம் சொன்னது நல்லது. இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா? நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?” இவ்வளவுதான். மருத்துவரிடம் போக வேண்டுமா, புகார் தர வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், உடன் செல்லுங்கள். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். சட்டப்படி மேலே சொல்லியாக வேண்டிய பொறுப்பில் நீங்கள் இருந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரலாம், பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் நான் பக்கத்து அறையில் இருப்பேன். கதவு திறந்திருக்கும். மூடச் சொன்னால் மூடுகிறேன்.