தமிழ்ப் படமும் இலங்கைத் தமிழ்ப் படமும்

வணக்கம் நேயர்களே.

"நேத்து ஒரு படம் பார்த்தேன்" என்று இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒருவர் சொன்னால் சட்டென்று புரிகிறது. "நேத்து ஒரு சினிமா பார்த்தேன்" என்றால் காதுக்குக் கொஞ்சம் இடறுகிறது. சினிமாவுக்குப் போகலாம், சினிமாப் பைத்தியமாக இருக்கலாம், சினிமாவில் சேர ஆசைப்படலாம். ஒன்று, இரண்டு என்று எண்ண வந்தால் மட்டும் நாக்கு தானாகப் 'படம்' என்கிறது. திரைப்படமா? அது செய்தி வாசிப்பவரின் சொல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று "திரைப்படம் பார்க்கப் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள், கேலிதான் மிஞ்சும்.

'படம்' ரொம்பவும் பரந்த சொல். சாமி படமும் அதுதான், எக்ஸ்ரே படமும் அதுதான். அதனால் முன்னால் ஒட்டுகிற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1931இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் 'பேசும் படம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாப் படமும் பேசத் தொடங்கியதும் 'பேசும்' உதிர்ந்துவிட்டது. அப்புறம் பழையதுக்குத்தான் 'மௌனப் படம்' என்று அடைமொழி வந்தது. வழக்கமானதுக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை, விலகி நிற்பதற்குத்தான் தேவை.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். மலையகத்தில் 'தமிழ்ப் படம்' என்றால் சென்னையிலிருந்து வந்த படம். அதை யாரும் 'இந்தியத் தமிழ்ப் படம்' என்பதில்லை. 1963இல் வந்த 'தோட்டக்காரி' பெயரிலேயே தோட்டத்தை வைத்திருந்தது. 1975இல் வந்த 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்த வி. பி. கணேசன் நம் தோட்டத் தொழிலாளர்களின் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். இவற்றைத்தான் 'இலங்கைத் தமிழ்ப் படம்' என்று நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். கடல் தாண்டி வந்தது வெறுமனே தமிழ்ப் படம், வாசலில் எடுத்ததுக்கு மட்டும் முகவரி வேண்டியிருக்கிறது! யாரையும் குற்றம் சொல்லவில்லை. அங்கே வருடத்துக்கு நூற்றுக்கு மேல் வருகின்றன, இங்கே வந்தவை கொஞ்சம்தான். பேச்சு எண்ணிக்கையின் பக்கம் சாய்ந்துவிட்டது. இருந்தாலும் எனக்கு இது உறுத்துகிறது.

குறும்படம் என்பதையும் நீளத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. பெரிய படத்திலிருந்து பத்து நிமிடத்தை வெட்டி எடுத்தால் அது 'சீன்', குறும்படம் ஆகாது. ஆவணப்படம் இரண்டு மணி நேரம் ஓடினாலும், பார்த்தவர் "படம் பார்த்தேன்" என்று சொல்லமாட்டார். சொன்னால், அடுத்த கேள்வி "ஹீரோ யாரு?" என்றுதான் வரும்.