மகே, மகே லங்க

வணக்கம் நேயர்களே. முப்பது வருஷத்துக்கு மேல மலைநாட்டுக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், மொழிபெயர்ப்பாளராக நின்றவன் நான். சட்டத்தரணி இல்லை, சனம் ‘முதலியார்’ என்று கூப்பிடும், அவ்வளவுதான். போதைப்பொருள் வழக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் அதில் பாதி மொழி வழக்கு.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். வயது பத்தொன்பது, கொழும்புப் புறக்கோட்டையில் கடை வேலை. தீபாவளிக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வர ஹட்டன் பஸ் ஏறுகிறான். பழகின முகம் ஒன்று, “தம்பி, ஸ்டாண்டுல ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு” என்று ஒரு பையை நீட்டுகிறது. அம்மாவுக்கு எடுத்த சேலைப் பார்சலோடு அதையும் மடியில் வைத்துக்கொண்டான். கினிகத்தேனைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்துச் சோதனை. பிஸ்கட் பெட்டிக்குள் குடு, அதாவது ஹெரோயின்.

பொலிஸ் ஒருவரைப் பிடித்தால் பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். பை யாருடையது என்று சிங்களத்தில் கேள்வி. கடைச் சிங்களம் தெரிந்த பையன், நான் வாய் திறக்க முன்னமே, “மகே” என்றான்.

மகே என்றால் என்னுடையது. அவன் சொல்ல நினைத்தது ‘மகே லங்க’. அதாவது, என்கிட்ட இருந்தது. ‘லங்க’ என்ற ஒரு சொல் விழுந்துபோச்சு. நான் எழும்பி, தமிழில் கேட்க அனுமதி கேட்டேன். “ஐயா, கையிலதான் இருந்துச்சி, என்னான்னே தெரியாது” என்றான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். உடைமையில் வைத்திருந்தான் என்று ஒருவரைக் குற்றவாளியாக்க, சாமான் அவர் வசம் இருந்தது மட்டும் போதாது. என்ன சாமான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். ‘மகே’ என்ற சொல் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொடுத்துவிடும்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கோட்டில் தமிழில் பேசுங்கள். சிங்களம் தெரிந்தாலும் தமிழில் பேசுங்கள். கோட்டு மொழி விளங்காவிட்டால் அரசு செலவில் மொழிபெயர்ப்புக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அது.

தமிழிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சட்டத்தின் பெயரிலேயே ‘அபாயகர ஔடதங்கள்’ என்று இருக்கிறது. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். குற்றச்சாட்டை நான் வாசித்து முடித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: “மருந்தா சாமி வச்சிருந்தான்? அதுக்கா புடிச்சாங்க?” நான் என்னத்தைச் சொல்ல?

அந்தச் சட்டத்தை 1984இல் திருத்தியபோதுதான் 2 கிராம் கணக்கு வந்தது. ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனால் தீர்ப்பு எழுதுகிறார்கள். 2022இல் ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமைனும் சேர்ந்தது. அதற்கு 5 கிராம். 2 கிராம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி அரைக் கரண்டி.

பொலிஸ் நிறுக்கிற எடை வேறு, இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையில் வருகிற தூய எடை வேறு. வழக்கு நிற்பது தூய எடையில்தான். பையனின் பொட்டலம் ஆறு கிராமுக்கு மேல். அறிக்கையில் ஒரு கிராமும் சொச்சமும். ஆனால் அறிக்கை வரும்வரை விளக்கமறியல். இந்தக் குற்றச்சாட்டுக்குப் பிணை கொடுக்க நீதவானுக்கு அதிகாரம் இல்லை, மேல் நீதிமன்றம் போக வேண்டும். “முதலியாரே, நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்று அவன் அம்மா பதினொரு மாசம் என் பின்னால் வந்தார். நானா பிணை கொடுக்கிறவன்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பொலிஸில் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவு. அடுத்தது கஞ்சா. ‘தண்டப்பணம் கட்டிட்டுப் போயிரலாம்’ என்று ஒப்புக்கொள்கிற பிள்ளைகள், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் கிளியரன்ஸ், அதாவது குற்றப் பதிவு இல்லை என்கிற சான்றிதழ், எடுக்கப் போகும்போதுதான் முழிக்கிறார்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல ஊர்களில் கோட்டு வளவுக்குள்ளேயே அதன் காரியாலயம். போகும்போது அடையாள அட்டையையும் வழக்கு இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.